போத்தலில் அடைத்த புத்தி

'வல்லாரை உண்டோரிடம் மல்லாடாதே' என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. உண்டோரிடம் மல்லாட நமக்கும் விருப்பமில்லை. ஆனால், விற்போரிடம் மல்லாடியே தீரவேண்டிய காலம் வந்துவிட்டது.

புலமைப் பரிசில் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நெருங்கும் மாதங்களில் நம் கடைத்தெருக்களைக் கவனிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். கொப்பியும் பேனையும் விற்கும் கடைகளோடு மருந்துக் கடைகளும் மாணவரை எதிர்பார்த்து நிற்கின்றன. வல்லாரைப் பாணி, வல்லாரைக் குளிசை, நீர்ப்பிரமி கலந்த இலேகியம், அமுக்கராச் சூரணம் எனப் பெயர்கள் பலவாயினும் வாக்குறுதி மூன்றுதான்: மனத்தை அமைதிப்படுத்தும், பரீட்சைப் பயத்தைப் போக்கும், ஞாபக சக்தியைப் பெருக்கும். இம்மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவதிலேதான் வாணிகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. அமைதி ஒன்று, அச்சமின்மை மற்றொன்று, அறிவின் கூர்மை வேறொன்று. இவற்றை ஒரே போத்தலில் ஊற்றி ஒரே விலைக்கு விற்பது எங்ஙனம் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஆராய்ச்சிக்கு முன் ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்த வேளை. நாம் கற்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவி முதற் பாடவேளையிலேயே மேசையிற் சாய்ந்து கிடந்தாள். காரணம் வினவியபோது புத்தகப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் காட்டினாள்.

"அம்மா வாங்கித் தந்தவ, சேர். இதைக் குடிச்சாப் பயம் வராதாம், படிச்சதும் மறக்காதாம்."

"பயம் போட்டுதோ, பிள்ளை?"

"இல்லை, சேர். நித்திரைதான் வருது."

நித்திரை வந்தமைக்கு அப்பாணிதான் காரணமென்று நாம் துணியவில்லை. அவள் இரவு ஒரு மணிவரை விழித்திருந்தவள். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தனியார் வகுப்பொன்றுக்குச் சென்றவள். காலையுணவு இல்லாமலே பாடசாலைக்கு வந்தவள். அவள் தாய் பிறர் தோட்டங்களில் வெங்காயம் நடவும் கிண்டவும் கூலிக்குச் செல்பவர். அந்தப் போத்தலின் விலை அத்தாயின் மூன்று நாட் கூலி. எங்கள் பாடசாலையின் தண்ணீர்க் குழாயடியில், ஈரம் வற்றாத இடத்தில், வல்லாரை தானாகவே படர்ந்து கிடக்கிறது. அதனை எவரும் விலைக்கு வாங்குவதில்லை. எவரும் விலைக்கு வாங்காததால் எவரும் நம்புவதுமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குதல் நன்று. நாம் வல்லாரையின் பகைவரல்லர். சம்பலாகவும் வறையாகவும் தமிழர் உண்ணும் அக்கீரையைச் சிங்கள மக்கள் 'கொட்டுகொல' என்று கூறி மல்லுமாகவும் இலைக்கஞ்சியாகவும் உண்கின்றனர். இந்நாட்டின் இரு மொழி பேசும் ஏழை மக்களும் பகிர்ந்துகொள்ளும் உணவுகளுள் அஃதும் ஒன்று. மலிவான கீரையை மக்கள் உண்ணவேண்டும் என்பதில் நமக்கும் எவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. அக்கீரை உணவுத் தட்டிலிருந்து இறங்கி, போத்தலில் ஏறி, பிள்ளையின் மூளைக்கு உத்தரவாதம் கொடுக்கும் பண்டமாக மாறும்போதே நம் கேள்வி எழுகிறது.

நாட்டு மருந்தென்றாலே மூடநம்பிக்கை என ஒதுக்கும் படித்தவர் கூட்டத்தோடும் நாம் சேரமாட்டோம். வல்லாரையை விஞ்ஞானிகள் ஆராயாமல் விடவில்லை. அவர்கள் கண்டவற்றை நேர்மையாக எடுத்துரைப்போம்.

2000 ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் சிலர் உடல்நலமுள்ள 40 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினர்க்கு வல்லாரை 12 கிராமும் மற்றையோர்க்கு மருந்தற்ற போலிப் பொருளும் கொடுத்தனர். எவர்க்கு எது கொடுக்கப்பட்டதென்பது கொடுத்தோர்க்கும் தெரியாது, கொண்டோர்க்கும் தெரியாது. பின்னர் திடீரென எழும் பேரொலிக்கு அவர்கள் எவ்வளவு திடுக்கிடுகின்றனர் என்று அளந்தனர். வல்லாரை உண்டோர் அரை மணியிலும் ஒரு மணியிலும் குறைவாகத் திடுக்கிட்டனர். ஆனால், தம் மனநிலையைப் பற்றி அவர்களே கூறியவற்றிலும், இதயத் துடிப்பிலும், இரத்த அழுத்தத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வல்லாரைக்குத் தணிக்கும் குணம் உண்டு என்போர்க்கு இது ஓரளவு ஆதாரமே. எனினும் 12 கிராம் என்பது எவ்வளவு? ஒரு குளிசையில் 400 மில்லிக்கிராம் உலர்ந்த இலைப்பொடி இருக்குமாயின், ஒரே வேளையில் 30 குளிசை விழுங்கவேண்டும். போத்தலின் முகப்பிலே ஆராய்ச்சியைப் பேசுவோர் அதன் முதுகிலே இக்கணக்கை எழுதுவதில்லை.

2008 ஆம் ஆண்டில் தாய்லாந்தில் முதியோர் 28 பேருக்கு இரண்டு மாதம் வல்லாரைச் சாரம் கொடுத்துப் பார்த்தனர். நாளொன்றுக்கு 750 மில்லிக்கிராம் பெற்றவர்களிடம் செயற்படு நினைவில், அதாவது ஒரு செய்தியை மனத்திற் பிடித்துவைத்துக்கொண்டே அதனைக் கையாளும் ஆற்றலில், முன்னேற்றம் தென்பட்டது. இது கவனித்தற்குரிய முடிவே. ஆயினும் 28 பேர், அதுவும் முதியோர், அவர்களையும் பல பிரிவாக்கி அளவு மாற்றிக் கொடுத்த ஒரு சிறு சோதனை. பின்னர், 2017 இல், தாய்லாந்து ஆய்வாளர் முன்னின்று 11 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். முடிவு யாது? அறிவுத்தொழிலின் எந்தத் துறையிலும் வல்லாரைக்கும் போலி மருந்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உண்டபின் ஒரு மணி நேரத்தில் விழிப்புணர்வு சற்றுக் கூடுவதும் சினம் சற்றுக் குறைவதுமே தெரிந்தன. மனநிலை சிறிது மாறலாம். மதி மாறியதற்குச் சான்றில்லை. இவ்வளவே இன்றைய நிலை.

நீர்ப்பிரமியின் கதை சற்று வேறு. இந்தியாவில் 'பிரமி' என்ற பெயர் சில இடங்களில் வல்லாரையையும் சில இடங்களில் நீர்ப்பிரமியையும் குறிக்கின்றது. இரண்டும் வெவ்வேறு குடும்பச் செடிகள். இப்பெயர் மயக்கம் வணிகர்க்கு மிகவும் வாய்ப்பாகிவிட்டது. ஒன்றைப் பற்றிய ஆராய்ச்சியைக் காட்டி மற்றொன்றை விற்கலாமல்லவா? 2001 இல் அவுஸ்திரேலியாவில் நீர்ப்பிரமிச் சாரம் நாள்தோறும் 300 மில்லிக்கிராம் வீதம் 12 வாரம் உண்டவர்களிடம் கற்கும் வேகத்திலும் நினைவு நிலைப்பதிலும் நன்மை காணப்பட்டது. அதே ஆண்டில் அதே நாட்டில் 38 பேருக்கு அதே அளவை ஒரு முறை கொடுத்துச் சோதித்தபோது உடனடி நன்மை எதுவும் காணப்படவில்லை. 2002 இல், 40 முதல் 65 வயதுவரையான 76 பேரிடம் நடத்திய ஆய்வில், புதிதாகக் கற்றவற்றை மறக்கும் வேகம் குறைந்தது. கற்கும் வேகம் கூடியதாக அந்த ஆய்வு கூறவில்லை. ஆக, இச்செடியிடம் ஏதோ ஒரு குணம் இருத்தல் கூடும். அஃது இருப்பினும் மூன்று மாதம் கழித்தே தலைகாட்டும். பரீட்சைக்கு இரு வாரம் இருக்கையில் ஓடி வாங்குவோர்க்கு அதனால் ஆகும் பயன் யாது?

நாம் மேலே எடுத்துக்காட்டிய ஆய்வுகள் எல்லாம் வளர்ந்தோர் மீதும் முதியோர் மீதும் நடந்தவை. போத்தல்களில் அச்சிடப்பட்டிருக்கும் படமோ பத்து வயதுப் பிள்ளையினுடையது.

இனி இவ்விவாதத்தின் நடு நரம்புக்கு வருவோம். மனத்தை அமைதிப்படுத்துவது அறிவைக் கூர்மைப்படுத்துமா?

நரம்பணுக்களின் கிளர்ச்சியைத் தணிக்கும் பொருள்களுள் மூளையிலே தலையாயது காபா எனப்படுவது. வைத்தியர் எழுதித் தரும் வலிய அமைதிக் குளிசைகளும் நித்திரைக் குளிசைகளும் பெரும்பாலும் இக்காபாவின் செயலை மிகுவித்தே தொழிற்படுகின்றன. அவை அச்சத்தைத் தணிக்கின்றன என்பது மெய். அவற்றை உண்ட வேளையிற் கற்றவை நினைவில் நன்கு பதிவதில்லை என்பதும் அவ்வளவுக்கு மெய். வல்லாரைச் சாரமும் காபாவைச் சார்ந்தே தணிக்கின்றதென்று கருதுவோர் உளர். ஆய்வுகூடச் சோதனைகளில் அதற்குச் சில குறிகளும் கிடைத்துள்ளன. அவ்வாறாயின் வணிகர் ஓர் இக்கட்டில் அகப்படுகின்றனர். அவர்கள் செடி வலிமையாகத் தணிக்குமாயின் கற்றலைத் தடுக்கவும் கூடும். தடுக்காத அளவுக்கு மென்மையானதாயின் பரீட்சைப் பயத்தைப் போக்குமென்ற வாக்குறுதி காற்றிற் பறக்கும். இரண்டையும் ஒருங்கே வழங்குகிறது எனின், அதற்குரிய சான்றைக் காட்டும் கடன் விற்பவரையே சாரும்.

1908 ஆம் ஆண்டிலேயே யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு ஒன்றைக் கண்டனர். கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிகுந்த தூண்டலும் ஆகாது, மிகக் குறைந்த தூண்டலும் ஆகாது; அளவான தூண்டலே ஏற்றது. எலிக்குக் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. எனினும் ஆசிரியர் எவரும் இதன் சாயலை வகுப்பறையிற் காண்பர். பயந்து நடுங்கும் பிள்ளையின் செயற்படு நினைவைக் கவலையே நிரப்பிவிடுகிறது. கணக்குக்கு அங்கே இடமில்லை. அப்பிள்ளைக்கு அமைதி வேண்டும். எதற்கும் அசையாத பிள்ளைக்கோ சிறு பதற்றம் வேண்டும். முன்னவளுக்கும் பின்னவனுக்கும் ஒரே பாணியை ஒரே கரண்டியில் ஊற்றுவது வைத்தியமாகாது. அமைதி, கற்றலுக்குத் தடையாய் நின்ற ஒன்றை விலக்கலாம். கல்லாத பாடத்தைக் கற்பித்துவிடாது. வழியிற் கிடந்த கல்லை அகற்றிவிட்டால் வண்டி தானே ஊர் சேருமா?

இவ்விடத்தில் பழைமைவாதி எழுந்து, "சரகர் சொன்னதை மறுக்க நீவிர் யார்?" என்று கேட்பார். சரக சங்கிதை மதியை வளர்ப்பனவாக நான்கு மருந்துகளைக் கூறுவது உண்மை: மண்டூகபர்ணி எனப்படும் வல்லாரை, அதிமதுரம், சீந்தில், சங்கபுட்பி. ஆனால் அந்நூல் அவை ஆயுளைக் கொடுக்கும், நோயைக் கெடுக்கும், வலிமை, பசித்தீ, நிறம், குரல் ஆகியவற்றையும் வளர்க்கும் என்றும் சேர்த்தே கூறுகிறது. எல்லாவற்றையும் வளர்ப்பது என்னும் கூற்று எதனையும் திட்டமாக நிறுவுவதாகாது. அன்றியும், அக்காலத்து இரசாயன முறை, வைத்தியர் ஆளைப் பார்த்து, உடலைச் சுத்திசெய்து, உணவையும் ஒழுக்கத்தையும் வகுத்துக் கொடுத்த ஒரு வாழ்க்கை முறை. அதிலிருந்து இலையை மட்டும் பிடுங்கிச் சீனிப்பாகிற் கரைத்து விற்பவர் சரகரின் வாரிசல்லர். சரகரின் பெயரைக் குத்தகைக்கு எடுத்தவர்.

நம் மண்ணின் மரபும் குருட்டு மரபன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களைத் தந்த யாழ்ப்பாணத்துக்கு மருத்துவ அறிவின் மீது உரிமையுண்டு. அதே மண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், மானிப்பாயில் இருந்து பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அவர்பால் நாம் போற்றுவது மருந்தின் மேனாட்டுப் பிறப்பையன்று. அறிவை மக்கள் மொழியில் மக்கள் முன் வைத்த செயலையே. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. மரபின்மீது மெய்யான பற்றுடையோர், வல்லாரையை அத்தகைய இடங்களில் முறைப்படி சோதித்து, வெல்வதையும் தோற்பதையும் தமிழிலே மக்களுக்கு அறிவிக்கவேண்டும் என்றே கேட்பர். சோதனைக்கு அஞ்சும் மரபு மரபன்று. அது முத்திரைச் சீட்டு.

'கீரைதானே, கெடுதல் இல்லை' என்பது அடுத்த சமாதானம். உணவாகக் கொள்ளும் கீரைக்கு அது பொருந்தலாம். செறிவாக்கிய சாரத்துக்கு அப்படியே பொருந்தாது. 2005 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீனாவில் மூன்று பெண்கள் வல்லாரைக் குளிசைகளைச் சில வாரங்கள் உண்டபின் ஈரல் அழற்சிக்கு ஆளானமை வைத்திய ஏடொன்றிற் பதிவாகியுள்ளது. மூவரை வைத்து உலகை அச்சுறுத்த நாம் முற்படவில்லை. அமுக்கரா உண்டோரிடமும் ஈரற் பாதிப்புகள் பதிவாகியுள்ளன. 2023 இல் டென்மார்க் அரசு அதனைத் தடைசெய்தது. செயல் உள்ள பொருளுக்கு எதிர்ச்செயலும் உண்டு. ஒரு பொருள் மூளையையே மாற்றும் வலிமை உள்ளதென்றும், அதே வேளை எவர்க்கும் எந்தத் தீங்கும் செய்யாத பசும்புல் என்றும் ஒரே நாவினால் கூறுவோரை நாம் எப்படி நம்புவது?

ஆயினும், ஈரலைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. பயத்தைப் பிள்ளையின் நோயாக்கிவிடுவதே அது.

இந்தப் பயம் எங்கே பிறந்தது? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945 இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளையை நல்ல வசதியுள்ள மத்திய கல்லூரிக்கு ஏற்றிவிடுதற்கு வகுக்கப்பட்ட ஏணியே புலமைப் பரிசில். இன்று ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 இலட்சம் பிள்ளைகள் பத்து வயதில் அந்த ஏணியின் அடியில் நெருக்கி நிற்கின்றனர். ஏணி அகலவில்லை, நெரிசல் மட்டும் பெருகியது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவருள்ளும் பெரும்பாலோர்க்கு அங்கே இடமில்லை. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலும், பின்னர் போரும், இடப்பெயர்வும், 'ஒரு புள்ளி தவறினால் வாழ்வே தவறும்' என்ற அச்சத்தை நம் குடும்பங்களில் குலச்சொத்தாக்கிவிட்டன. இடம் ஐந்து, வருவோர் இருபது என்றால், இருபது பேரும் வல்லாரை உண்டாலும் பதினைந்து பேர் வெளியேதான் நிற்பர். இந்தக் கூட்டற் கழித்தலை எந்த மூலிகையும் மாற்றாது.

எனவேதான் சொல்கிறோம்: பரீட்சைப் பயம் பிள்ளையின் மூளையில் ஊறிய விடமன்று, சமுதாயம் பிள்ளையின் தலையில் ஏற்றிய சுமை. சுமையை இறக்காமல் சுமப்பவனுக்குத் தைலம் விற்பவன் சுமை ஏற்றியவனுக்கே உதவுகிறான். பணமுள்ளோர் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலை உண்டு, வெளிநாட்டுப் பரீட்சை உண்டு, தோற்றாலும் தாங்கும் தகப்பன் உண்டு. கூலிக்காரியின் மகளுக்கே ஒரே பரீட்சை, ஒரே வாய்ப்பு. அவளுக்கே அந்தப் போத்தலும். அதைக் குடித்தும் அவள் தேறாவிட்டால் என்ன நேரும்? 'மருந்து கொடுத்தும் படியாதவள்' என்று வீடு கூறும். அவளும் அதை நம்புவாள். பற்றாக்குறையான ஆசிரியர்களும், விஞ்ஞான ஆய்வுகூடமில்லாத பாடசாலையும், வெறும் வயிறும் குற்றக் கூண்டிலிருந்து தப்பிவிட, அவள் மூளை ஒன்றே குற்றவாளியாக நிற்கும். இதுவே இவ்வாணிகத்தின் கொடிய பக்கவிளைவு.

மூளையைப் பேணும் மெய்யான மருந்துகள் இல்லையா? உண்டு. 1995 இல் இந்நாட்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அயடீன் குறைவு குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. எந்தத் தாயும் தனியே மூன்று நாட் கூலி கொடுக்காமலே அந்த மருந்து ஒவ்வொரு வீட்டுக் கறிச்சட்டிக்கும் சென்றது. இரத்தச் சோகையுள்ள பிள்ளைக்குக் கவனம் நிலைக்காது. அதற்கு இரும்புச் சத்து வேண்டும், மதிய உணவு வேண்டும். உறக்கத்திலே நினைவு உறுதிப்படுகிறது. அதற்கு ஐந்தரை மணித் தனியார் வகுப்பு நிற்கவேண்டும். இவை யாவும் பொதுச் செயலால் வருவன. ஆகவேதான் இவற்றை எவரும் விளம்பரம் செய்வதில்லை.

கற்றலுக்கும் ஒரு முறையுண்டு. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலாளர் மாணவரை இரு பிரிவாக்கி ஒரே பாடப்பகுதியைக் கொடுத்தனர். ஒரு பிரிவினர் அதனைத் திரும்ப வாசித்தனர். மற்றையோர் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின் பின் எழுதிப் பார்த்தவர் நூற்றுக்கு 56 பங்கையும் வாசித்தவர் 42 பங்கையும் நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு பழைய கொப்பியும் ஒரு பென்சிலுமே இம்மருந்தின் விலை. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரியிட்டு அதன் வெளிச்சத்திற் படித்த தலைமுறையை நாம் அறிவோம். அவ்வறுமையைப் போற்றி அதனைப் புனிதமாக்குதல் நம் நோக்கமன்று. அன்று பிள்ளைக்குத் தேவைப்பட்டது வெளிச்சம், பாணியன்று. 2022 இல் நாடு நெருக்கடியில் விழுந்து, தாள் இல்லாமையால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டபோது தேவைப்பட்டது தாள். இன்றும் தேவை இவ்வகைப்பட்டதே.

குற்றத்தை வணிகர் தலையில் மட்டும் சுமத்தி நாம் ஒதுங்கிக்கொள்ளல் நேர்மையாகாது. 'மூளை வேலை செய்யவில்லையா?' என்று வகுப்பில் பிள்ளையை ஏசுபவர் யார்? மறதியைச் சோம்பல் என்பவர் யார்? பகலிற் பாடசாலையில் அரைகுறையாய் விட்டதை மாலையிற் காசுக்கு முடித்துவைப்பவர் யார்? ஆசிரியராகிய நம்மவரே. ஞாபகத்துக்கு வல்லாரை நல்லது என்று பெற்றோரிடம் யோசியாமற் கூறியவருள் நாமும் ஒருவர். அவ்வொரு சொல்லைப் பிடித்துக்கொண்டே அந்தத் தாய் மருந்துக் கடைக்குப் போயிருக்கக்கூடும். ஆதலின் இக்கட்டுரை பிறரை நோக்கிய வசை மட்டுமன்று.

செய்யவேண்டியவை எவை? 1961 இன் ஆயுர்வேதச் சட்டமும் 2015 இன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் ஏட்டிலே உள்ளன. 'ஞாபக சக்தி பெருகும்' என்று விளம்பரம் செய்வோர் அதற்குரிய சான்றையும், மருந்தின் அளவையும், எவ்வயதினரிடம் சோதிக்கப்பட்டதென்பதையும் தமிழிலும் சிங்களத்திலும் போத்தலின் மீதே எழுத வேண்டும். எழுத இயலாதவர் விற்கக்கூடாது. பாடசாலை வாயிலிலும் பரீட்சைக் கருத்தரங்குகளிலும் இவ்விளம்பரங்களுக்கு இடமளித்தலை அதிபர்களும் ஆசிரியர் சங்கங்களும் நிறுத்தவேண்டும். காலையுணவில்லாது வரும் பிள்ளைகளின் பெயர்களைத் தொகுத்துக் கல்வித் திணைக்களத்தின் முன் வைக்கவேண்டும். பத்து வயதுப் பிள்ளையைத் தரம் பிரிக்கும் போட்டியை ஒழித்து, அருகிலுள்ள பாடசாலையை நல்ல பாடசாலையாக்கக் கோரும் இயக்கத்தில் பெற்றோரையும் சேர்க்கவேண்டும். மாணவ நண்பர்களே, நீங்களும் கேளுங்கள்: விற்பவரிடம் சான்றைக் கேளுங்கள், எம்மிடம் கற்பிக்கும் முறையைக் கேளுங்கள், அரசிடம் இடத்தைக் கேளுங்கள்.

அந்த மாணவி போத்தலை மீண்டும் பையில் வைத்துக்கொண்டாள். அதை எறிந்துவிடு என்று நாம் கூறவில்லை; மூன்று நாட் கூலியை எறியச் சொல்ல நமக்கு உரிமையில்லை. சிற்றுண்டிச் சாலைக்கு அழைத்துச் சென்று உண்ணச் செய்தோம். அரை மணி உறங்கட்டும் என்று நூலகத்தில் விட்டோம். பிற்பகலில் அவள் கொப்பியை மூடிவைத்து, கற்றதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தாள். பாதிக்கு மேல் சரியாகவே எழுதினாள். வகுப்பிலே இன்னும் முப்பத்தெட்டுப் பேர் இருக்கின்றனர்.